பொறியியல் பட்டம்: அடித்தளம் முதல் கலசம் வரை

செயலவையில் கல்வி நிதியைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு இருப்பதால், மலருக்குக் கல்வி குறித்து ஒரு கட்டுரை தரும்படி தலைவர் ஆண்டுதோறும் கேட்பார். கல்வியின் சிறப்பைப் பற்றி நானும் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவேன். இம்முறை அப்படி எழுத மனம் வரவில்லை. நிதியின் வரவு செலவைப் பொருளாளர் வேறு பக்கத்தில் தந்திருக்கிறார். நான் தருவது, நான் செய்த ஒரு தவற்றின் கணக்கு. அது நன்கொடையாளர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சுவா வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் அன்பர் ஒருவரின் மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அவர்களுடைய லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவன். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். நம் நிதியிலிருந்து உதவி வழங்க முடிவு செய்தோம். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடித் திருவிழா மேடையில், தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பணம் தருவது; நான்கு ஆண்டுகள் தருவது. அன்றைய விதி அதுதான்.

நான்காம் தவணையும் கொடுத்து முடிந்தது. ஒரு மாலை தகப்பனார் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "வாத்தியாரையா, பையனுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்காம்" என்றார். "நாலு வருசப் படிப்புதானே? விதியிலயும் நாலு வருசம்னுதான் இருக்கு" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பையன் ஊர் சுற்றிப் படிப்பைக் கோட்டை விட்டிருப்பான் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அவ்வீட்டு அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த திருவிழாவில் அவன் அன்னதானப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். பந்தி முடிந்ததும் அழைத்து, "நாலு வருசப் படிப்ப ஏன்டா அஞ்சு வருசமா இழுக்கிற?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மண்டபத் தரையில் விரித்தான். கட்டம் கட்டமாகப் பாடங்களின் பெயர்களும், கட்டங்களை இணைக்கும் கோடுகளும் அதில் இருந்தன. "ஐயா, இதுதான் என் படிப்புத் திட்டம். இந்தக் கோட்ட மட்டும் பாருங்க" என்றான். அரை மணி நேரம் அவன் ஆசிரியர், நான் மாணவன். எழுந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று கற்றதையும், பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

கிரெடிட் என்பது என்ன?

பள்ளிக்கூடத்தில் ஓராண்டு படித்தால் அடுத்த வகுப்புக்குப் போகிறோம். பல்கலைக்கழகம் அப்படியல்ல. அங்கே ஆண்டைவிடக் கிரெடிட்டே முக்கியம். ஒவ்வொரு பாடத்திற்கும் இத்தனை கிரெடிட் என்று ஒரு மதிப்பு உண்டு. நம் நாட்டு வரையறைப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை கேட்பது, சோதனைக்கூடத்தில் செய்வது, விடுதியில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். அதில் வகுப்பில் உட்கார்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் மாணவரின் சொந்த உழைப்பு.

பொறியியல் பட்டத்திற்கு எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விருப்பம்போல் முடிவு செய்துவிட முடியாது. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் பொறியியல் தரச்சான்று மன்றம் 2020-இல் வெளியிட்ட தர வரையறை, குறைந்தது 135 கிரெடிட் கேட்கிறது. அவற்றில் 90 கிரெடிட்டாவது பொறியியல் பாடங்களாக இருக்க வேண்டும். கணிதம், கணினி, மொழி, நிர்வாகம், பொருளியல், பொதுப் பாடங்கள் முதலியவை மீதியில் வரும். ஒரு பருவம் குறைந்தது 14 வாரங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமாக நான்கு ஆண்டுகளில் எட்டுப் பருவங்கள்.

இனி நான் பழைய கணக்கு வாத்தியாராக ஒரு கணக்குப் போடுகிறேன். 135-ஐ எட்டால் வகுத்தால் பருவத்திற்கு ஏறக்குறைய 17 கிரெடிட். அது 680 மணி நேரம். பாட வாரங்கள், மீள்பார்வை வாரம், தேர்வு வாரங்கள் எல்லாம் சேர்த்து 17 வாரம் என்று வைத்தால், வாரத்திற்கு 40 மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்குச் சமமான உழைப்பு இது. வாரத்தில் மூன்று இரவு கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை, உண்மையில் ஒன்றரை ஆள் வேலை செய்கிறது.

நான்கு ஆண்டுகளின் அமைப்பு

ஆலயத் திருப்பணி பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முதலில் அடித்தளம், அதன்மேல் சுவர், பிறகு விமானம், கடைசியில் கலசம். சுவர் எழும்பும் முன் கலசத்தை வைக்க முடியாது.

முதலாம் ஆண்டு அடித்தளம். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், பொறியியல் வரைபடம், கணினி நிரல் எழுதுதல், பொருள்களின் இயல்பு, ஸ்டாட்டிக்ஸ் எனப்படும் நிலையியல் ஆகியவை இங்கே வரும். எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதலாண்டுப் பாடங்களில் பல ஒரே மாதிரி இருக்கும். "எஞ்சினியரிங்கில் சேர்ந்த பிள்ளை இன்னும் எந்திரத்தைத் தொடவே இல்லையே" என்று பெற்றோர் வியப்பதும் இவ்வாண்டில்தான். அதிகமான பிள்ளைகள் சறுக்கி விழுவதும் இங்கேதான். வீட்டைப் பிரிந்த ஏக்கம், ஆங்கில விரிவுரை, வேகமான கணிதம் மூன்றும் ஒன்றாக வந்து தாக்குகின்றன.

இரண்டாம் ஆண்டு சுவர். சிவில் மாணவருக்குப் பொருள்களின் வலிமை, நீரியல், மண்ணியல், நில அளவை. மெக்கானிக்கல் மாணவருக்கு வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல். மின்துறை மாணவருக்குச் சுற்றுக் கோட்பாடு, மின்னணுவியல். சோதனைக்கூட அறிக்கைகள் வாரந்தோறும் குவியும்.

மூன்றாம் ஆண்டில் கட்டடம் உருவம் பெறுகிறது. அதுவரை கற்ற அறிவியலைக் கொண்டு ஒரு தூணை, ஒரு பாலத்தை, ஓர் இயந்திரப் பாகத்தை வடிவமைக்கும் பாடங்கள் தொடங்கும். தொழிற்பயிற்சி பெரும்பாலும் இவ்வாண்டின் இறுதியில் வரும். தொடர்ந்து குறைந்தது எட்டு வாரங்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழக வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் பத்து, பன்னிரண்டு வாரங்கள் என்று வைத்திருக்கிறார்கள்.

நான்காம் ஆண்டு கலசம். ஒரு மாணவர் ஓர் ஆராய்ச்சிப் பொருளை எடுத்து இரண்டு பருவங்கள் உழைத்துச் செய்யும் இறுதியாண்டுத் திட்டம் ஒன்று. பல மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உண்மையான ஒரு வேலைக்குத் தீர்வு காணும் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம் இன்னொன்று. இவற்றோடு விருப்பப் பாடங்கள், தொழில் நெறி, திட்ட நிர்வாகம். அறநெறியும் நாட்டு நடப்பும் பேசும் பொதுப் பாடங்கள் நான்கு ஆண்டுகளிலும் ஆங்காங்கே பரவியிருக்கும். அவற்றை முடிக்காமலும் பட்டம் இல்லை.

அறுபடும் சங்கிலி

அந்தப் பையன் காட்டிய கோட்டுக்கு இப்போது வருகிறேன். சில பாடங்களுக்கு முன்நிபந்தனைப் பாடம் என்று ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் அடுத்ததை எடுக்கலாம். அவனுடைய திட்டத்தில் சங்கிலி இப்படிப் போயிற்று: முதலாண்டு முதற்பருவத்தில் ஸ்டாட்டிக்ஸ், இரண்டாம் பருவத்தில் பொருள்களின் வலிமை, இரண்டாம் ஆண்டு முதற்பருவத்தில் கட்டமைப்புப் பகுப்பாய்வு, மூன்றாம் ஆண்டு முதற்பருவத்தில் காங்கிரீட் வடிவமைப்பு, நான்காம் ஆண்டு முதற்பருவத்தில் ஒருங்கிணைந்த வடிவமைப்புத் திட்டம்.

அவன் முதற்பருவத்தில் ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் தவறினான். மற்ற எல்லாவற்றிலும் தேறினான். ஒரு பாடம்தானே, அடுத்த பருவத்தில் எழுதிவிடலாம் என்று நாம் நினைப்போம். அந்தப் பாடத்தை அங்கே ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு முதற்பருவத்தில்தான் மறுபடி எடுக்க முடிந்தது. அதனால் பொருள்களின் வலிமை ஓராண்டு தள்ளிப்போனது. அதைத் தொடர்ந்த பகுப்பாய்வும், அதைத் தொடர்ந்த காங்கிரீட்டும் ஓராண்டு தள்ளின. நான்காம் ஆண்டில் வரவேண்டிய வடிவமைப்புத் திட்டம் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டது. முதற்பருவத்தில் விட்ட மூன்று கிரெடிட் ஒரு முழு ஆண்டை விழுங்கியது. அவன் இடையில் ஒரு நாளும் சோம்பியிருக்கவில்லை.

தேர்ச்சி அறிக்கையை ஆண்டுதோறும் பார்த்த எனக்கு இது ஏன் தெரியவில்லை? நான் பார்த்தது சி.ஜி.பி.ஏ. என்னும் மொத்தச் சராசரியை மட்டும். நாலுக்கு இத்தனை என்று வரும் அந்த எண்ணில் கிரெடிட் அதிகமுள்ள பாடத்திற்கு எடை அதிகம். 4 கிரெடிட் பாடத்தில் 2 புள்ளியும், 2 கிரெடிட் பாடத்தில் 4 புள்ளியும் எடுத்தவரின் சராசரி 3 ஆகாது, 2.67 தான் வரும். பல பல்கலைக்கழகங்களில் சராசரி 2-க்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை. அது தொடர்ந்தால் படிப்பையே விட வேண்டி வரும். இவனுக்கு 2-க்கு மேல் இருந்தது. நானும் கையொப்பமிட்டு அனுப்பினேன். எந்தப் பாடம் எந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சராசரி சொல்லாது. அதைச் சொல்வது படிப்புத் திட்டம் ஒன்றுதான்.

ஸ்டாட்டிக்ஸில் ஏன் தவறினான் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான். கல்விக் கடன் கைக்கு வரச் சில வாரங்கள் ஆயிற்று. கணினி வாங்கிய கடனும் இருந்தது. எனவே இரவு நேரக் கடை ஒன்றில் வாரம் மூன்று நாள் வேலைக்குப் போனான். நம் ஆலயத்தின் பணம் அவனுக்கு எப்போது கிடைத்தது? முதலாண்டு முடிந்து, தேர்ச்சி அறிக்கை வந்த பிறகு, ஆடித் திருவிழா மேடையில். பணம் வேண்டிய பருவத்தில் பணம் இல்லை. அப்போதும் அவன், "உதவி கிடைச்சதே பெரிசுங்க ஐயா" என்றான். அந்தச் சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மனை பார்க்காமல் ஆலயம் கட்டுவோமா? பெற்றோர்கள் மூன்று செய்திகளைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பொறியியலுக்கான கதவு நான்காம் படிவத்திலேயே திறக்கிறது அல்லது மூடுகிறது. 2020 முதல் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. மாணவர்கள் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடினம் என்று பயந்து கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிட்ட பிள்ளைக்கு, எஸ்.பி.எம். முடிந்த பிறகு பொறியியல் ஆசை வந்தால் வழி மிகவும் குறுகிவிடும்.

இரண்டாவது, வழிகள் பல உள்ளன. மெட்ரிகுலேஷன் பொதுவாக ஓராண்டு. எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக ஒன்றரை ஆண்டு. 2024-இல் அரசாங்கம், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தது. அவ்வளவு ஏ இல்லாத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. நம் வீட்டு வாசலில் என்று சொல்லத்தக்க தூரத்தில் போர்ட்டிக்சன் பொலிடெக்னிக் இருக்கிறது. அங்கே பொறியியல் டிப்ளோமா முடித்து நல்ல சராசரி பெற்றால் பல்கலைக்கழகத்தில் சேரலாம். படித்த பாடங்கள் பொருந்தினால் சில கிரெடிட்டுகள் கழித்துக்கொள்ளப்படும். சுற்று வழி என்று அதை யாரும் தாழ்வாகப் பேச வேண்டாம்.

மூன்றாவது, பட்டத்தின் பெயரையும் தரச்சான்றையும் பணம் கட்டும் முன் பாருங்கள். தரச்சான்று பெற்ற பட்டப்படிப்புகளின் பட்டியலைத் தரச்சான்று மன்றமே வெளியிடுகிறது. 1989-இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானது. இந்தியாவும் இலங்கையும் 2014-இல் சேர்ந்தன. பட்டியலில் உள்ள பட்டத்தை உறுப்பு நாடுகள் தத்தம் பட்டங்களுக்கு இணையாக ஏற்கின்றன. அதைப் பெற்றவர் இங்கே வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்துகொள்ளலாம். பிறகு குறைந்தது மூன்றாண்டு வேலை அனுபவமும் அதற்குரிய தேர்வும் முடித்து நிபுணத்துவப் பொறியியலாளர் ஆகலாம். பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் என்று வேறொன்று உண்டு. அதுவும் மதிப்புள்ளதே. அது தொழில்நுட்பவியலாளர் என்னும் வேறு பாதை. இரண்டும் ஒன்று என்று எண்ணிச் சேர்ந்துவிட்டுப் பிறகு வருந்தக்கூடாது.

பணம் எப்போது தேவைப்படுகிறது?

நாம் ஆண்டுக்கு ஒரு முறை சம அளவாகக் கொடுத்தோம். செலவு அப்படிச் சமமாக வருவதில்லை. சேரும்போது பதிவு, விடுதி, கணினி என்று மொத்தமாக வரும். மூன்றாம் ஆண்டு இறுதியில் தொழிற்பயிற்சிக்காக வேறு ஊரில் அறை எடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் படித்தொகை தரும், சில தருவதில்லை. கடைசி ஆண்டில் திட்டச் செலவுகள். பலரும் நம்பியிருக்கும் பி.டி.பி.டி.என். கடனுதவி 1997 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறுவோருக்குக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்க வழி இருக்கிறது. முதற்பருவத்து உழைப்புக்கு எவ்வளவு பெரிய பலன் பாருங்கள்! படிப்பு நீண்டுபோனால், நீண்ட ஆண்டின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

பொதுக்கூட்டத்திற்கு எங்கள் வேண்டுகோள்

ஆகவே கல்வி நிதி விதிகளில் சில மாற்றங்களை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முன்வைக்க இருக்கிறோம். முதல் தவணையைப் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் கண்டவுடன், பதிவுக்கு முன்பே தருவது. தேர்ச்சி அறிக்கையோடு படிப்புத் திட்டத்தையும் பருவந்தோறும் கேட்டு வாங்கி, மாணவரோடு உட்கார்ந்து பார்ப்பது. தொழிற்பயிற்சிக் காலத்திற்குத் தனி உதவி ஒதுக்குவது. தக்க காரணம் இருந்தால் ஐந்தாம் ஆண்டுக்கும் உதவியை நீட்டிப்பது. மேடையில் மாலை போட்டுப் பணம் தரும் வழக்கம் நின்றுவிடுமே என்று சிலர் வருந்தலாம். மாலையைப் பட்டம் வாங்கிய பிறகு போடுவோம். பிள்ளையின் பசி திருவிழா நாள் பார்த்து வருவதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, "பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேளாதீர்கள். "உன் திட்டத்தைக் காட்டு, அடுத்த பருவம் என்ன பாடம், எதற்கு எது முன்நிபந்தனை?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று விரல் வைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பிள்ளை தன் தவறுதலை மறைக்காமல் வீட்டில் சொல்லத் துணிவது அப்படித்தான் தொடங்கும்.

1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. இந்நாட்டின் பாதைகளில் தண்டவாளம் சுமந்த தோள்களில் நம்மவர் தோள்களும் நிறைய உண்டு. வரைபடம் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் அந்த வரைபடத்தைப் போடும் இடத்திற்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வழியில் ஒரு மூன்று கிரெடிட்டுக்காக அவர்கள் திரும்பிவிடக்கூடாது.

அந்தப் பையன் ஐந்தாம் ஆண்டை முடித்துப் பட்டம் பெற்றான். இப்போது சிரம்பானில் வேலை பார்க்கிறான், வாரியத்திலும் பதிந்திருக்கிறான். அம்மாவின் சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டான். இவ்வாண்டு நம் நிதியில் உதவி பெறும் மாணவர்களின் படிப்புத் திட்டங்களைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறான். திட்டத்தை மடிக்காமல் கொண்டு வரச் சொன்னான்.

அன்பர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து வரலாம்.